லிசா முகம்

காலையில் பல் துலக்கிய கையோடு கண்ணாடி முன் நின்று, உதட்டோரத்தை ஒரு நெல்மணி அளவு தூக்கிப் பழகுவது தூத்துக்குடி முழுக்க உள்ள வழக்கம். பேருந்தானாலும் வங்கியானாலும் முகம் பார்த்துத் திறக்கும் கதவு அந்தப் புன்னகைக்குத்தான் திறக்கும்.

அறுபது வருடங்களுக்கு முன், அமைதியான மனிதர் யார் என்று இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்க, எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளும் ஒரு முகம் தேவைப்பட்டதாம். ஆளாளுக்கு அடித்துக்கொண்டு, கடைசியில் உலகமே அறிந்த மோனா லிசா ஓவியத்தில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து மீசை வைத்தவனும் லிசாதான். ஐந்து வயதிலேயே புன்னகை வகுப்பு. நான் அதில் மூன்று முறை தோற்றவன். என் மனைவி ஜெசிந்தா மாவட்டத்திலேயே முதலாவது.

அவள்தான் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புன்னகை மாறாமல், ஆஸ்பத்திரி பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் வலிமானி இரண்டாவது முறையும் பத்துக்கு ஒன்று என்றது. நாலுக்குக் கீழே இருந்தால் டாக்டர் வரமாட்டார். வாய் பொய் சொல்லும், முகம் சொல்லாது என்பது விதி.

"ஏட்டி, கொஞ்சம் மூஞ்சியச் சுளியேன்" என்று கெஞ்சினேன்.

"வரமாட்டேங்கு... உள்ள கத்திய வச்சு அறுக்க மாதிரி இருக்குங்க."

சொல்லும்போதும் உதட்டோரம் அழகாக ஏறியிருந்தது. முப்பது வருடப் பழக்கம். அந்த அழகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. இவள் செத்துப்போவாள் என்று பயந்தேன்.

என்னையறியாமல் கத்திவிட்டேன். வாய் கோணி, கண்ணும் மூக்கும் ஒழுக, அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். வலிமானி என் பக்கம் திரும்பி 'ஒன்பது! ஒன்பது!' என்று அலறியது. தள்ளுகட்டிலோடு ஓடி வந்தவர்கள் என்னைத் தூக்கிப் போட்டார்கள். பின்னாலேயே டாக்டர் இசக்கியம்மாள் வந்தார்.

"எங்க வலிக்கி?"

"அவ வயித்துல!"

"அவங்களுக்கு ஒண்ணுதான காட்டுது?"

"பொட்டிய விடுங்க டாக்டர். கைய வச்சுப் பாருங்க!"

வைத்தார். ஜெசிந்தாவின் உடம்பு துள்ளியது, புன்னகை மட்டும் அசையவில்லை. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. அடுத்த நிமிடம் என்னை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள்.

மதியம் அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தாள்.

"பொழச்சிட்டனா?"

தலையாட்டினேன். மயக்க மருந்தில் பழக்கம் தளர்ந்துவிட்டதோ என்னவோ, முகம் ஒரு பக்கமாகக் கோண, பல் தெரிய, ஓவென்று அழுதாள். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்த முகத்தைத் தெருவில் கண்டிருந்தால் யாரோ என்று தாண்டிப் போயிருப்பேன். அப்பாடா என்றிருந்தது. நன்றாக அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன அப்பிடிப் பாக்கிய?" என்றாள் விம்மலுக்கு நடுவே.

"ஒன்னய இப்பதாம்ட்டி பாக்கேன்" என்றேன்.