தெளிநீர்ச் செம்மல்

“வைகைப்புதூர் நகரியத்தீரே, அறிக! நம்மிடையே மாசற்ற மனிதர் ஒருவர் வாழ்வது இன்று ஐயந்திரிபற நிறுவப்பட்டது!”

அறிவிப்பு எல்லா வீட்டுக் கழிவறைகளிலும் ஒரே குரலில் முழங்கியது. ஊரே தவறாமல் வந்து உட்காரும் அவை வேறு எது?

ஒவ்வொரு கழிவறையிலும் நலவாரியம் தெளிவுமானி பொருத்தியிருந்தது. போகும் நீரின் நிறத்தையும் சர்க்கரையையும் பார்த்தே ஆளின் யோக்கியதையைச் சொல்லிவிடும் பொறி. மஞ்சளாகப் போனால் “குடிமகனே, நீர் அருந்துக!” என்று அதட்டும். தெளிவாகப் போனால் “வாழ்க!” என்று வாழ்த்தும். ஒருமுறைகூட அதட்டு வாங்காத ஒரே ஆள் வெள்ளைச்சாமி.

மாசற்றவருக்குத் தூக்கம்தான் இல்லை. குடம் குடமாகக் குடிப்பார். குடித்தது அப்படியே போகும். இரவெல்லாம் கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடை.

“ஏங்க, ராத்திரி பூரா அந்தச் சனியன் ‘வாழ்க, வாழ்க’ன்னு கோஷம் போடுது. எலெக்‌ஷன்ல நிக்கிற ஆளு வீடு மாதிரில்ல இருக்கு! ஒரு டாக்டரப் பாருங்களேன்,” என்றாள் மனைவி பஞ்சவர்ணம்.

“மெஷினே வாழ்த்துது. டாக்டர் என்னத்தச் சொல்லப் போறாரு?” என்றார் வெள்ளைச்சாமி. ஆனால் ஒரே ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினால் போதும் என்றுதான் அவருக்கும் இருந்தது.

‘தெளிநீர்ச் செம்மல்’ விருது விழா காலையிலேயே தொடங்கியது. மேடையில், திரைக்குப் பின்னால், நேரடிச் செய்முறைக்காக ஒரு தெளிவுமானி. வாரியத் தலைவர் முத்தமிழ்நம்பி முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: “செம்மல், பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது. தண்ணியக் குடிச்சு ஏமாத்திட்டார்னு எவனாவது கிளப்பிவிடுவான்.”

பிறகு தலைவர் ‘தெளிவு’ என்ற சொல்லின் பெருமையைப் பேசத் தொடங்கினார். வெயில் உச்சிக்கு ஏறியும் அவர் முன்னுரையைத் தாண்டவில்லை. வெள்ளைச்சாமி அடிக்கடி திரைக்குப் பின்னால் போனார். ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கி “வாழ்க!” என்றது; கூட்டம் கைதட்டியது. கடைசிக் கைதட்டலில் அவர் திரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

சான்றிதழில் கையெழுத்துப் போட வந்திருந்த மருத்துவர் நூர்ஜஹான் ஓடிவந்து அவர் வாயைத் திறந்து பார்த்தார்.

“நாக்கு காஞ்ச ஓலையா கிடக்கு. உடம்புல தண்ணியில்லன்னா சிறுநீர் கெட்டியாகணும். இவருக்கு இன்னும் பளிங்காப் போகுது. பேச்ச நிறுத்துங்க சார், இது நீரிழிவு!”

“நீரிழிவா? துளி சர்க்கரை இல்லேன்னு மெஷினே சொல்லுதேம்மா!” என்றார் தலைவர்.

“இது சர்க்கரை இல்லாத நீரிழிவு. நீர் இழியுறதுக்கு வச்ச பேரு சார் அது. நாமதான் மொத்தமா சர்க்கரைக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டோம். தண்ணிய நிறுத்திட்டுப் பாக்குறதுதான் இதுக்குச் சோதனை. ஆஸ்பத்திரியில பக்கத்துலயே இருந்து செய்வோம். நீங்க மைக்க வச்சுச் செஞ்சுட்டீங்க.”

மருத்துவமனையில் தண்ணீரும் கொடுத்து, மூக்கில் ஒரு மருந்தையும் தெளித்தார்கள். சிறுநீர் மஞ்சளாயிற்று. “அப்ப சிறுநீரகம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் நூர்ஜஹான். “தண்ணியப் பிடிச்சு வைன்னு மூளையிலருந்து வர்ற உத்தரவுதான் வரல. ஏன்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம். இனிமே தாகம் எடுத்தா மட்டும் குடிங்க. பழைய நெனப்புல குடத்தத் தூக்குனீங்கன்னா ரத்தத்துல உப்பு எறங்கிப்போயிரும்.”

வீடு திரும்பிய அன்று வெள்ளைச்சாமி விடிய விடியத் தூங்கினார். காலையில் தெளிவுமானி “குடிமகனே!” என்று அதட்டியபோது, முதன்முறையாக அதைப் பார்த்துச் சிரித்தார்.

தலைவர் விருதோடு நேரில் வந்தார். “செம்மல், அடுத்த விழா வரைக்குமாச்சும் அந்த மருந்த நிறுத்தி வைக்கலாமே?”

“விருத எடுத்துட்டுப் போங்கய்யா,” என்றாள் பஞ்சவர்ணம். “இவரு தூங்குறாரு, நானும் தூங்குறேன்.”

அடுத்த ஆண்டு தெளிநீர்ச் செம்மல் விருது, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த கோடிவீட்டுக்குக் கிடைத்தது. அங்கே கழிவறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.