வாசல் துண்டு

ஷாரன் தன் உருவமாக, அளவெடுக்காமல் வெட்டிய மரத்துண்டு, பலகையில் முன்பே தோண்டியிருந்த குழிக்குள் மயிரிழை இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது. தோளில் தொங்கிய பையோடு. அந்தப் பையை வெட்டும்போதுதான் விளையாட்டாகச் சேர்த்திருந்தாள்.

"இந்தக் குழியெல்லாம் எப்பத் தோண்டுனீங்க, அக்கா?"

"நேத்துத்தான், கண்ணு," என்றாள் வகுப்பெடுக்கும் கெம்பம்மா, நிமிராமல்.

அவர்கள் மைசூருக்கு வந்ததே இன்று காலையில்.

கல்யாணத்துக்குப் பிறகு ஷாரனும் கார்லும் சேர்ந்து எடுத்த முதல் லீவு. அரண்மனை, மிருகக்காட்சி சாலை எல்லாம் எல்லோரும் போவதுதான், நாம் கையால் ஏதாவது செய்து எடுத்துப்போவோம் என்று கார்ல்தான் இந்த ஒருநாள் வகுப்பைத் தேடிப் பிடித்தான். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் பழைய ஓட்டு வீடு. ஈட்டி மரப் பலகையில் குழி தோண்டி, வேறு வேறு நிற மரங்களை வெட்டிப் பதித்துப் படம் செய்ய வேண்டும். சாயமே கிடையாது. மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்கு ஈட்டி, தோலுக்கு ஏதோ ஒரு வெளிர்ந்த மரம். படம் இந்த வீடேதான்: ஓடு, ஜன்னல், வாசல், நடுவில் அவர்கள் இருவரும்.

மூன்று மணி வெயில் கம்பி ஜன்னல் வழியாக இறங்கி மரத்தூளில் மிதந்தது. பசையின் புளித்த வாசனை, வெளியே மல்லிகையும் அழுகிய தக்காளியும் கலந்த சந்தை வாசனை, வெங்காயம் கூவுகிறவனின் கன்னடம், ஆட்டோக்களின் ஹாரன் எல்லாம் ஒன்றாகக் கலந்து தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

கெம்பம்மா எழுந்து செருப்பை மாட்டினாள். கொள்ளேகாலத்துக்காரி. இழுத்து இழுத்துப் பேசுவாள்.

"பதிச்சதெல்லாம் மேல துருத்திட்டு நிக்குது பாருங்க. தேச்சுச் சமம் பண்ணோணும். உப்புத்தாளு தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் அந்த வாசக் குழியத் தொடாதீங்க. உள்ள ஆளு இருக்கறப்ப நாங்க வாசல அடைக்கறதில்ல. நீங்க தெருவுல எறங்குன பொறவு நானே வெச்சுக்குவேன்."

அவள் போனதும் கார்ல் பலகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். கோணலான காலண்டரைக் கண்டால் அடுத்தவர் வீட்டிலும் நிமிர்த்துகிற ஆள் அவன்.

"வாசல் இல்லாம முன்பல்லு விழுந்த மாதிரி இருக்குடி."

"அக்கா வேண்டாம்னாங்கல்ல."

"ஒரே ஒரு போட்டோ. எடுத்துட்டுக் கழட்டிர்றேன், போதுமா?"

"உனக்குக் கை சும்மா இருக்காதா?"

அவன் சிரித்தபடி, ஓரமாகக் கிடந்த வாசல் துண்டைக் குழியில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். டொக்.

ஆட்டோ ஹாரன் பாதியில் அறுந்தது.

வெங்காயக்காரனும் இல்லை. ஒன்றும் இல்லை. தன் மூச்சு தன் காதுக்கே பெரிதாகக் கேட்டது ஷாரனுக்கு. மரத்தூள் மிதக்காமல் அந்தரத்தில் அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே வானம் மஞ்சளாக இருந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மஞ்சள். அதில் ரேகைகள் ஓடின. கம்பிக்கு நடுவே விரலை நீட்டினாள். நகம் இடித்தது.

பலா மரம்.

"கார்ல், கதவத் திற."

அவன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கோடே இல்லை. நாதாங்கி கதவோடு தட்டையாகப் பதிந்திருந்தது. தோளால் முட்டினான். மறுபடி முட்டினான். சத்தம் வரவில்லை.

ஷாரன் உளியை எடுத்தாள். அந்தத் துண்டைப் பெயர்த்தால் போதும். பசை போடாமலே இறுகியிருந்தது. விளிம்பில் குத்தினாள். உளி வழுக்கி விரலைக் கிழித்தது. மறுபடி குத்தினாள். துண்டின் ஒரு மூலை தூக்கிக்கொண்டது.

கதவின் மூலையில் நூலளவு வெளிச்சம். வெங்காயக்காரன் குரல். அழுகிய தக்காளி வாசனை.

"வருது. கார்ல், வருது."

வெளியே செருப்புச் சத்தம். நின்றது.

"அக்கா, நாங்க உள்ளதான் இருக்கோம். திறங்க."



"அடைச்சுட்டீங்களா, கண்ணு?" கோபம் இல்லாத குரல். அலுப்பு மட்டும். "இனி எடுத்தாப் பலக வீணாயிருமே."

வெளிச்சத்தை ஏதோ மறைத்தது. பெருவிரல். பசை காய்ந்த, கதவுயரப் பெருவிரல். ஷாரன் கையிலிருந்த பலகையில் அந்தத் துண்டு தானாக உள்ளே அமுங்கியது.

டொக்.

பிறகு அந்தச் சத்தம்.

சர்ர். சர்ர். நிதானமாக, ஒரே திசையில். கதவுப் பக்கமிருந்து. தூள் கொட்டத் தொடங்கியது. முதலில் கறுப்பு. பிறகு மஞ்சள். பிறகு வெளிர்ந்த, கொஞ்சம் ஈரமான தூள்.

கார்ல் கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றான்.

"கார்ல். இங்க பாரு."

சர்ர்.

"கார்ல்."

திரும்பினான். மெதுவாக.

நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே சமம். மூக்கு இருந்த இடத்தில் அழகான ரேகை. வாய் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு, அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

சத்தம் நின்றது. உப்புத்தாளைத் தட்டித் தூளை உதறும் ஓசை. பிறகு அது ஷாரன் நிற்கும் பக்கத்திலிருந்து தொடங்கியது.