பால் மருந்து ஒரு போத்தல்

பாப்பம்மா செமிலிங் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. தோட்டத்திலிருந்து மூன்று மைல் ஓடியே வந்திருந்தாள்.

"டிரெசர் ஐயா, எங்கக்கா மருதம்மாள ஆபீஸ் முன்னால வெயில்ல நிக்க வெச்சிருக்காங்க. சாயந்திரம் லாரி வந்ததும் ஏத்திட்டுப் போயிருவாங்களாம். ஆபீஸ் கணக்கு எழுதற கிராணிக்கு விஷம் வெச்சிட்டாளாம்!"

சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் மருந்து கொடுப்பவர் டிரெசர் பரஞ்சோதி. கட்டுப்போட்டுக்கொண்டிருந்த நோயாளியின் காலை அவர் பாதியில் விடவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஜப்பான்காரன் ஆண்ட அந்த 1943இல் அவன் லாரியில் ஏறிய யாரும் திரும்பி வந்ததில்லை.

"கிராணி எப்படிச் செத்தார்?"

"நேத்து மூணு மணிக்கு மேல ஆபீசுல அலறுனாரு. ஓடிப் பார்த்தா வாயெல்லாம் வெந்து கெடந்தாரு. மேசைமேல அக்கா குடுத்த டம்ளரு, அடியில வெள்ளைத் தூளு. வேற என்ன வேணும் அவங்களுக்கு?"

பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அன்சார் அதற்குள் சைக்கிளை எடுத்து வந்துவிட்டான். டியூப் கிடைக்காமல் டயருக்குள் கயிறு திணித்த சைக்கிள். எங்கே வில்லங்கம் என்றாலும் டிரெசருக்குத் துணையாக அவன் ஆஜர்.

"ஏறுங்கண்ணே. மருதம்மாள் புருஷன் பேரை சயாம் ரயில் ரோடு போடற வேலைக்கு எழுதிக் கொடுத்ததே அந்த அழகேசன் கிராணிதான். அவ செஞ்சிருந்தாலும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்லா."

"அப்படி நினைக்கிறவர் வாயை மூடிக்கிட்டு மிதிக்கணும், பாய்."

ஆபீஸ் முற்றத்தில் மருதம்மாள் நின்றிருந்தாள். உதடு வெடித்திருந்தது. சுற்றி நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பரஞ்சோதி அருகில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்னம்மா கொடுத்தே?"

"நீங்க சொல்லிக் குடுத்த கெராங் சிப்பித் தூள்தாங்கய்யா. சுட்டா சுண்ணாம்பாயிரும், சுடாம இடின்னீங்களே, அப்படியே இடிச்சுத் தண்ணியில கலக்கி மத்தியானம் குடுத்தேன். குடிச்சாரு. நான் லயத்து வீட்டுக்குப் போயிட்டேன்."

அன்சாரால் பொறுக்க முடியவில்லை. "உன் புருஷன சயாமுக்கு அனுப்பினவனுக்கா சிப்பி இடிச்சே?"

"வயித்துப் புண்ணுங்க. எரியுது எரியுதுன்னு அழுவாரு. எரியற வயிறு யாரு வயிறா இருந்தா என்னண்ணே?"

தூணருகே ஸ்டோர்க்காரர் பழனியாண்டி நின்றிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். பழைய ஸ்டோர்க்காரனும் சயாமுக்குப் போய்விட்டதால், இந்த வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. மருதம்மாள் அவரைப் பார்த்துக் கேட்டாள்: "மொகம் வாடிக் கெடக்கே, சாப்பிட்டீங்களாண்ணே?" அவர் தூணின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிராணியின் மேசை கலையாமல் இருந்தது. டம்ளரின் அடியில் விரற்கடை அளவு வெள்ளைத் தூள் படிந்திருந்தது. தைலம் மணக்கும் கைக்குட்டை ஒன்று. நாற்காலிக் காலடியில், ஓடி வந்தவர்கள் யாரோ தக்கையை அடைத்து வைத்த நீல நிறப் போத்தல், முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"அது அவர் வழக்கமா குடிக்கிற மருந்து போத்தல்" என்றான் அன்சார். "டம்ளரைப் பாருங்கண்ணே."

"டம்ளரை எல்லாரும் பார்த்தாச்சு. பாய், இந்தப் போத்தல் மருந்து பினாங்கிலேர்ந்து வந்து எத்தனை நாளாச்சு?"

"சண்டை வந்ததிலேர்ந்து ஏது மருந்து? ஒரு வருஷத்துக்கு மேல…" அன்சார் நிறுத்தினான். "யா அல்லா. அப்புறம் எப்படி நிறைஞ்சிருக்கு?"

பரஞ்சோதி தக்கையைத் திறந்து முகர்ந்தார். மூக்கைச் சுட்டது. மூடிவிட்டு, தோட்டத்தை நடத்தும் ஜப்பான் துரையைக் கூப்பிடச் சொன்னார்.

துரைக்கு மலாய் தெரியும். டிரெசர் மலாயில் அவருக்கும் தமிழில் மற்றவர்களுக்குமாகப் பேசினார். டம்ளரைத் தாழ்வாரத்துப் பலகைமேல் வைத்தார்.

"வயிற்றில் புளிப்பு மிகுந்து புண்ணை எரிக்கிறது. அதை அடக்கத்தான் மருந்து. சிப்பித் தூளும் அந்த வேலையைச் செய்யும். புளிப்பைத் தொட்டால் பொங்கும், பொங்கிக் கரைந்துபோகும். பாருங்கள்."

நீலப் போத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றினார். டம்ளர் நுரைத்து வழிந்தது. நுரை அடங்கியபோது தூள் இல்லை.

"மருதம்மாள் ஆசிட் கலந்திருந்தால் இந்தத் தூள் நேற்றே கரைந்திருக்கும். இன்று காலை வரை அடியில் கிடந்தது. கிராணியைக் கொன்றது இந்தப் போத்தல்."

துரை கேட்டார்: "சியாப்பா?"

'யார் அது?' என்று அவர் கேட்பது எல்லோருக்கும் புரிந்தது.

"ஒரு கேள்விதான்" என்றார் பரஞ்சோதி. "கிராணி தன் பழைய மருந்துக்கு என்ன பேர் சொல்வார்?"

"பால் மருந்துன்னுவாரு" என்றாள் பாப்பம்மா. "பால் மாதிரி வெள்ளையா இருக்கும்ல."

"ஆஸ்பத்திரியில் அது பால் மருந்து. இந்தத் தோட்டத்தில் மரத்திலிருந்து வடிவது பால். பால் வெட்டுகிறவரிடம் பால் மருந்து கேட்டால் எதைக் கொண்டுவருவார்?"

"ஸ்டோருல பால ஒறைய வெக்கிற ஆசிட்ட" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்தாற்போல் வந்தன.

"கிராணிக்குச் சளி. தைலத்தில் மூக்கு அடைத்திருந்தது. நீலக் கண்ணாடியில் நிறம் தெரியாது. வலி தாங்காமல் ஒரே மடக்காகக் குடித்தார். கொண்டுவந்தவர் கெட்டவரல்ல. பயந்தவர். அவரை நான் கைகாட்டமாட்டேன்."

அன்சார் வாயைத் திறந்தான். டிரெசர் அவன் தோளை அழுத்தினார்.

பழனியாண்டி தூணைவிட்டு வந்தார். மடியிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார்.

"காலி போத்தலோட இந்தச் சீட்ட அனுப்பினாரு. ஸ்டோருக்குத்தான் எழுதினாருன்னு நெனச்சு ஆசிட்ட ரொப்பிக் குடுத்தேங்க… செமிலிங் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாருன்னு தோணல. செத்தப்புறம் வெளங்குச்சு. ஒளிச்சிட்டேன். அந்தப் புள்ள என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதும் நிக்க முடியலய்யா."

'பால் மருந்து ஒரு போத்தல். உடனே.' கிராணியின் கையெழுத்து. கீழே ஆபீஸ் முத்திரை.

பரஞ்சோதி சீட்டை இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினார். "முத்திரை வைத்த உத்தரவு, துவான். இவர் கீழ்ப்படிந்தார்."

துரை முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பழனியாண்டியின் கன்னத்தில் இரண்டு முறை ஓங்கி அறைந்தார். மருதம்மாளைப் பார்த்துப் போகும்படி கையை வீசிவிட்டு உள்ளே போய்விட்டார். லாரியைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

பாப்பம்மா அக்காளை இழுத்தாள். "வாக்கா, வீட்டுக்குப் போவோம்."

மருதம்மாள் போகவில்லை. ஆபீஸின் பின்னறையில் கிராணி நேற்றிலிருந்து கோணிமேல் கிடந்தார். அவர் எழுதிய சயாம் பட்டியலில் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஆள் போயிருந்தது. அவரைத் தொட ஒருவரும் வரவில்லை.

"குளிப்பாட்டத் தண்ணி காய்ச்சறேன்" என்றாள் அவள், கூட்டத்தைப் பார்த்து. "தூக்க ஆம்பளைங்க நாலு பேரு வாங்க."

யாரும் நகரவில்லை. சிலர் காறித் துப்பினார்கள். பழனியாண்டி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் நடந்தார். அவர் பின்னால் டிரெசர் போனார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர்.

அன்சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"மூணு பேருதானே இருக்கீங்க? கோணியில ஒரு மூலைய நான் புடிக்கிறேன்லா."