கடைசிக் கதவைப் பற்றி விளையாடியவர்கள் சொன்னது

கணினி விளையாட்டு வெளியான மூன்றாம் நாள், விளையாடியவர்களின் கருத்துகளை மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் படித்துக்கொண்டிருந்தவளை நாற்பத்தோராவது கருத்து இடித்தது. 'கடைசிக் கதவுக்கு வெளியே அந்தப் பையன் தண்ணீர் கேட்கும் இடத்தில் அழுதேவிட்டேன்.'

பையன் தண்ணீர் கேட்கும் இடமே அதில் கிடையாது. கதையை எழுதியவள் அவள்தான். அவன் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு பழைய நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்த விளையாட்டு அது. செத்துப்போனவர்களின் குரலில் ஏதோ ஒன்று வாசலில் வந்து கூப்பிடும். திறந்தால் உள்ளே வந்துவிடும். ஏழு அறைகளில் விளக்கையும் கண்ணாடியையும் நகர்த்திப் புதிர்களை அவிழ்த்துவரும் தாய், கடைசியில் மகன் குரல் கேட்டும் கதவைத் திறக்காமல் நின்றால் ஜெயித்துவிட்டாள். முதல் நாற்பது பேரும் புதிர்களைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். 'ஐந்தாம் அறைப் புதிரை யோசித்த புண்ணியவான் என் கையில் சிக்கட்டும்' என்று ஒருவர் பல்லைக் கடித்திருந்தார். அதைப் படித்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அவள் வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.

கீழே இறங்கிக்கொண்டே போனாள். 'தண்ணி வேணும்மா என்று அவன் இருமியபோது விளையாட்டையே நிறுத்திவிட்டேன்.' 'திறக்காத இவளெல்லாம் ஒரு தாயா?' 'நாக்கு ஒட்டுதும்மா என்கிறான் குழந்தை. இதை எழுதியவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?'

நாக்கு ஒட்டுதும்மா.

அந்த வார்த்தையைக் கேட்டது உலகத்திலேயே அவள் ஒருத்திதான். போன வருடம், இதே அறையில், இதே கதவைத் தாழிட்டுக்கொண்டு இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தபோது, காய்ச்சலோடு எழுந்துவந்த மகன் வெளியே நின்று சொன்னது அது. "அஞ்சு நிமிஷம்டா" என்றாள். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது அவன் கதவடியிலேயே மூச்சில்லாமல் கிடந்தான். அவன் கூப்பிட்டதை இன்றுவரை கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஒலிப்பதிவு செய்தவரை அழைத்தாள்.

"அண்ணா, கடைசிக் கதவுல யார் குரல் இருக்கு?"

"நாம கூட்டிட்டு வந்த பொண்ணுதான். சின்னப் பையன் மாதிரியே பேசுவாளே."

"ஆரம்பத்துல சும்மா வெச்சுப் பார்த்தோமே... என் பையன் குரல்?"

"அதெல்லாம் அன்னைக்கே அழிச்சிட்டேன்மா. நீ பக்கத்துல நின்னுதானே பார்த்தே? முதல்ல போய் ஒரு வாய் சாப்பிடு."

போனை வைத்தாள். பூட்டியிருந்த ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, கணினியின் விசிறி சன்னமாக இரைந்துகொண்டிருக்க, அறைக்குள் எங்கிருந்தோ காய்ச்சல் மருந்தின் தித்திப்பும் நெற்றியில் போட்டெடுத்த ஈரத்துணியின் வாடையும் மெல்லப் பரவி, அவள் மூக்கை அடைத்து, தொண்டைக்குள் இறங்கின.

திரையில் புதிய கருத்துகள் விழுந்தன.

'மனசு கேட்காமல் இப்போதுதான் திறந்து பார்த்தேன். வெளியே யாரும் இல்லை.'

'எனக்கும் அப்படித்தான். பையனைக் காணோம்.'

'இங்கேயும் இல்லை. எங்கே போனான்?'

அவள் அறைக் கதவு தட்டப்பட்டது.

மெதுவாக. கீழே. ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்.

"அம்மா. தண்ணி வேணும்மா."

திறக்கக் கூடாது. அது அவனில்லை. அவளுக்குத் தெரியாதா? அந்த விதியை எழுதியவளே அவள்தானே.

"நாக்கு ஒட்டுதும்மா."

"வந்துட்டேன்டா கண்ணு. இதோ, வந்துட்டேன்."

தாழை நீக்கினாள். ஒரு விரற்கடை திறந்ததும் இடுக்கு வழியாக ஒரு கை நீண்டது. சின்னக் கை. அனலாகக் கொதித்தது. இரண்டு கைகளாலும் பற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கை இன்னும் உள்ளே வந்தது. மணிக்கட்டு. முழங்கை.

அதற்கு மேல் இன்னொரு முழங்கை.

அதற்கும் மேல் இன்னொன்று.

அவள் பிடியை விடவில்லை.