வெட்டிய மூச்சு

லிஃப்ட் பழுதாகிப் பல நாளாகியும் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நான்கு மாடி ஏறி, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மனைவி உள்ளே வந்தாள். வரும்போதே கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையை ஆரம்பித்து, பைகளை இறக்கி, செருப்பைக் கழற்றி மூலையில் தள்ளும் வரைக்கும் நிறுத்தவில்லை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ஏதோ உறுத்தியது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு உள்ளவள். இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறவள்.

"உனக்கு மூச்சு வாங்கலையா?" என்றான்.

"அதான் எனக்கே ஆச்சரியமா இருக்கு. முந்தாநேத்துலேர்ந்து இன்ஹேலரைத் தொடவே இல்ல. நீங்க வேற கண்ணு வச்சிராதீங்க."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவன் தலைக்குள் அப்போது வேறொரு எரிச்சல் குடியிருந்தது. "நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு பழைய கேம். அவன் பிறந்த காலத்தில், ஒரு வீடியோ கேம் பெட்டிக்கு அடியில் பொருத்துவதற்கென்று சிடி டிரைவ் ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போயும் சேர்ந்தது. அதற்கென்று வெளியான ஏழெட்டு கேம்களில் ஒன்றைத்தான் அவன் தமிழாக்கிக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. பகலெல்லாம் ஊரார் அலுவலகங்களில் பிரிண்டரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். அதற்காகவே, கேம் பேசிய அந்நிய மொழியைத் தட்டுத்தடுமாறிப் படித்தான். எழுத்துகளை மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. உயிரை வாங்கியது குரல். பூட்டிய வீட்டுக்குள் திரியும் ஒரு பெண்ணின் கதை அது. அவள் பேசுவதெல்லாம் சிடியில் துண்டு துண்டாகப் பதிந்திருந்தது. பேசிய நடிகையின் பெயர் அட்டையில்கூட இல்லை. அவள் இடத்தில் மனைவியைப் பேச வைத்தான். வெளிச்சத்தம் கேட்காமல் இருக்கத் துணி அலமாரிக்குள் அவளை உட்கார வைத்து, இருவரும் சிரித்துச் சிரித்துப் பதிவு செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் தலைவலி. ஒவ்வொரு குரல் துண்டுக்கும் சிடியில் அளந்து விட்ட இடம். அந்த மொழியில் இரண்டு செகண்டில் முடிவது தமிழில் மூன்றைத் தாண்டியது. இம்மி கூடினாலும் கேம் அப்படியே உறைந்து நின்றது. வசனத்தைச் சுருக்கினான். வேகத்தைக் கூட்டினான், பொண்டாட்டி குரல் எலி கத்துவதுபோல் ஆனது. மேஜையைக் குத்தினான். கடைசியில் ஆந்தைதான் வழி சொன்னான். இணையத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் அது. நேரில் பார்த்ததில்லை, இந்தப் பைத்தியத்தில் கூட்டாளி.

"வார்த்தைக்கு நடுவுல மூச்சு இழுக்கறாங்கல்ல, அதையெல்லாம் வெட்டிருடா. கேக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

முந்தாநாள் வெட்ட ஆரம்பித்தான். திரையில் வார்த்தைகள் மேடுமேடாகத் தெரிந்தன. மேடுகளுக்கு நடுவே, மெல்லிய நடுக்கமாக, விசிலோடு இழுபடும் அவளுடைய இளைப்பு மூச்சு. அதைத் தேடித் தேடி அழித்து, பழைய ஃபைலின் மேலேயே சேமித்தான். பிரதி எடுத்து வைக்கும் பொறுமையெல்லாம் என்றோ தீர்ந்துபோயிருந்தது.

இப்போது மிச்சம் ஒரே ஒரு துண்டு. வசனம் தொடங்குமுன் அவள் விட்ட நீளமான பெருமூச்சு மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அடுக்களையில் அவள் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. பெருமூச்சை அழித்தான். சேமித்தான். ஓட்டிப் பார்த்தான்.

கேம் முதல் தடவையாகக் கடைசிவரை ஓடியது. "முடிஞ்சுதுடா சாமி!" என்று ஆந்தைக்குத் தட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, மாலை வெயில் சுவரில் மெல்ல மேலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாற்றம் வந்தது. பால் தீய்கிற நாற்றம். பாத்திரத்தின் அடியோடு ஒட்டிக் கருகி, தொண்டையைக் கமறவைக்கும் நாற்றம்.

ஓடினான். அடுப்புக்கு முன்னாலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு. முகத்தைச் சுற்றிப் புகை.

"பால் தீயுது, உனக்குத் தெரியலையா?"

அடுப்பை அணைத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்கஎனக்குஒண்ணும்வாசனையேவரலையே" என்றாள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. நடுவில் இம்மி இடைவெளி இல்லை.

அந்தப் பேச்சை அவன் எங்கே கேட்டிருக்கிறான் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் மூக்குக்கு முன்னால் விரலை வைத்தான். எதுவும் படவில்லை.

"என்னங்கவிளையாட்டுஇது" என்று சிரித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "லேசாதலைசுத்துதுகொஞ்சம்படுக்கறேன்."

கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, கணினி இருந்த அறையிலேயே கட்டிலில் படுக்க வைத்தான். கண் செருகியது. நெஞ்சு அசையவில்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தான், கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் வாயில் வாய் வைத்து ஊதினான். சுவரில் ஊதியது போல் இருந்தது. நெஞ்சை அழுத்தினான். ஊதினான். அழுத்தினான். அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படுபாவி, நீதானே வெட்டினாய்.

ஆந்தையைக் கூப்பிட்டான். "அவளோட பழைய பதிவு உன்கிட்ட இருக்கா? வெட்டாதது?"

"நீ அனுப்பினது பூரா வெட்டினதுதானேடா. ஏன், என்னாச்சு? மூச்சுச் சத்தம் வேணும்னா ஒரிஜினல் சிடியிலேர்ந்து எடுத்துக்கோ. அந்த நடிகை மூச்சு அதுல நல்லா—"

போனைப் போட்டுவிட்டு ஒரிஜினல் சிடியைத் தேடினான். கேம் பெட்டியை உயிர்ப்பித்து, அடியிலிருந்த டிரைவில் சிடியைத் தள்ளினான். அது கரகரவென்று சுழன்றது. ஒலியை உச்சத்தில் வைத்தான்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள்.

கட்டிலில் நெஞ்சு ஏறியது.

"கடவுளே" என்றான். ஸ்பீக்கரில் மூச்சு வெளியே வந்தது. கட்டிலில் நெஞ்சு இறங்கியது. மறுபடி ஏறியது. உதட்டில் சிவப்புத் திரும்பியது. அவன் தரையில் மண்டியிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. விசில் இல்லை. இளைப்பு இல்லை. நிதானமான, திடமான மூச்சு.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மூக்கு விடைத்தது. அறையை ஆசைதீர ஒருமுறை முகர்ந்தாள். பிறகு பேசினாள்.

தமிழில் இல்லை.

அந்த மொழியில். "பால் தீய்ந்திருக்கிறது" என்றாள். கேமில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

அவன் பின்னால் நகர்ந்தான். முதுகு மேஜையில் இடித்தது. திரையில், பூட்டிய வீட்டுக்குள், அந்தப் பெண் இவன் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். வாய் திறந்தது.

"ஏங்கஎங்கஇருக்கீங்கஇங்கஇருட்டாஇருக்குகதவுதிறக்கலை"

மனைவியின் குரல்.

"ஏங்கமூச்சுமுட்டுதுஏங்கஏங்கஏங்க"

கட்டிலில் இருந்தவள் முகத்தைச் சுளித்தாள், பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டவள்போல. மெல்ல இறங்கினாள். மனைவியின் கால்களால் நடந்து வந்தாள். கேம் பெட்டியை அணைக்கும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவன் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். வெதுவெதுப்பாக இருந்தது. பத்து வருடமாகப் பிடித்துப் பழகிய கை.

ஸ்பீக்கர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அவள் அவன் முகத்தில் இதமாக ஒரு மூச்சு விட்டாள். கை இன்னும் கொஞ்சம் முன்னால் போனது.