கட்டிய கதவு

மணமக்கள் காரில் ஏறியதோடு, லண்டனிலிருந்து வந்த கல்யாண வீடியோ கசெற் முடிந்திருக்க வேண்டும். ஆனால் திரை சற்று நேரம் இரைந்துவிட்டு, மழையில் நனைந்த ஒரு கோட்டையைக் காட்டியது. கணவன் பார்த்தீபன் பழைய கசெற் ஒன்றின் மேலேயே கல்யாணத்தைப் பிடித்திருக்கிறான், மிச்சத்தை அழிக்கவில்லை என்று நிருஜா நினைத்தாள்.

தம்பி முறையானவனின் கல்யாணத்துக்கென்று லண்டன் போனவன் நான்கு மாதமாகத் திரும்பவில்லை. போகும்போது அவளுடைய தாலிக்கொடியை உருக்கிப் புதிதாகச் செய்விக்கக் கொண்டுபோனான். ஒக்லாந்தில் கொடி செய்யும் பத்தர் எவருமில்லை. தங்குவது அவளுடைய தங்கை பிரணவி வீட்டில் என்பதால் பயமில்லாமல் கழற்றிக் கொடுத்தாள்.

திரையில் ஒரு வெள்ளைக்கார வழிகாட்டி கோட்டையின் கதையைச் சொன்னான். ராஜாக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடமாம். ஒருவன் மட்டும், புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி ராணியின் மோதிரத்தை வாங்கிப்போய் அவள் தங்கைக்குப் போட்டானாம். ராணி இருந்த கோபுர அறையைப் பூட்டவில்லை. கதவைக் கல்லால் கட்டிவிட்டார்கள்.

ஒக்லாந்தின் ரானுயிப் பகுதியில் அவள் இருந்த வீட்டின் தகரக் கூரையில் பின்னேர மழை விடாமல் கொட்ட, ஹீற்றர் சுடச்சுட எரிந்தும் அறை குளிர்ந்துகொண்டே வர, ஈரச் சுண்ணாம்பின் மணமும் மேசன் கரண்டி கல்லில் உரசும் சத்தமும் முதுகுப்பக்கமிருந்து மெல்ல மெல்ல நெருங்கின. பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போது பிரணவி குடையோடு சிரித்தபடி படத்துக்குள் வந்தாள். கழுத்தில் கொடி. தாலியின் ஓரத்தில் அதே சின்ன நெளிவு. மகள் பால்பல்லால் கடித்தது.

உருக்கவே இல்லை. சொந்தத் தங்கை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை முட்டாளாக்கியிருந்தார்கள்.

ரெலிபோன் நடைபாதையில் இருந்தது. எழுந்து திரும்பினாள்.

கதவு இல்லை.

கல். விரலில் ஒட்டிய ஈரச் சாந்து.

திரையில் பிரணவி மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தான், அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறா."

கமராவுக்குப் பின்னாலிருந்து பார்த்தீபனின் குரல் நிதானமாக வந்தது.

"பாக்கட்டும். கதவு கட்டியாச்சு."

படம் கோபுர ஜன்னலை நெருங்கியது. பச்சைக் கார்டிகன் போட்ட ஒரு பெண். நிருஜா குனிந்து தன்னைப் பார்த்தாள். பச்சைக் கார்டிகன்.

கையைத் தூக்கினாள். அவளும் தூக்கினாள்.

கமரா இறங்கிப் பிரணவியின் கழுத்துக்குத் திரும்பியது. பின்னால், உயரத்தில், மங்கலாக, அந்தக் கை கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தது.