கழுவாத போத்தல்

எத்தனை தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கமலாசனியின் விரல்களில் அந்த வாடை இருந்தது. மண்ணெண்ணெயும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை. மாரிமழை தகரக் கூரையில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, நனைந்த சேலைகளின் புழுக்கமும் குயினைன் கசப்பும் நிறைந்த மருந்தறைக்குள், அது மட்டும் தனியாக, இனிப்பாக, அவள் மூக்கருகே நின்றது. பூச்சிக்கொல்லி எண்ணெய் அடித்த வயலின் வாடை.

மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவருவதுதான் வழக்கம். மருந்து கலக்கும் மற்ற மிசி காய்ச்சலில் விழுந்ததிலிருந்து, விடிந்தால் பொழுதுபடும்வரை இவள் ஒருத்திதான் ஊற்றிக்கொடுக்கிறாள். மத்தியானம் ஒரு போத்தலுக்குள் விழுந்ததும் தெளிந்த காய்ச்சல் மருந்து பால்போல் வெளுத்தது. கண்டாள். கை நின்றது. அந்த நேரம் பார்த்து டொக்டர் கதவடியில் நின்று கத்தினார்.

"வரிசை றோட்டு வரைக்கும் நிக்குது. நீர் என்ன, நித்திரையோ?"

தக்கையை அடைத்து நீட்டிவிட்டாள். வாங்கியவள் விமலேஸ்வரி. வாய்க்காலுக்கு அங்கால் காணி வெட்டிக் குடியேறிய கனகலிங்கத்தின் மனைவி. இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளை.

"அந்தப் போத்தல் விசயத்தை டொக்டர் ஐயாவிட்டைச் சொல்லப்போறன்," என்றாள் கமலாசனி, வரிசை முடிந்த பிறகு.

உதவியாள் மயில்வாகனம் தலையைச் சொறிந்தார். "சொல்லி? முந்தி அன்னபாக்கியம் மிசியும் பிழையைச் சொன்னவாதான். இப்ப வீட்டில மாடு மேய்க்கிறா. பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

குடித்தாள். அந்த ஆறிய தேநீரைக் கடைசி மிடறுவரை இருந்து குடித்தாள். பிறகுதான் ஓடினாள்.

வாய்க்கால் கட்டில் சேறு செருப்பைப் பிடுங்கியது. தவளைகள். மழை. பிள்ளை அழவேண்டும். அழுகிற சத்தம் கேட்கவேண்டும்.

கேட்கவில்லை.

படலை. விளக்கு.

விமலேஸ்வரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "சத்தம் போடாதேங்கோ மிசி. நல்ல மருந்து தந்தனீங்கள்! ரெண்டு நாளாக் கண் மூடாதவன், குடிச்ச கையோட படுத்திட்டான். மற்றதுகளுக்கும் சாடையா மேல் சுட்டது. எல்லாருக்கும் பருக்கிப்போட்டன்."

கமலாசனி அவளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

பாயில் பிள்ளைகள் வரிசையாகக் கிடந்தார்கள். போர்வை ஏறவில்லை. இறங்கவில்லை. ஓரத்தில் ஒரு சிறு பாதம் மட்டும் பாயைச் சுரண்டியது. நின்றது. மறுபடி சுரண்டியது.

"கனவு காணுறான்," என்று கிசுகிசுத்தாள் தாய். பக்கத்தில் குந்தி, சேலைத் தலைப்பால் நுளம்பு ஓட்டத் தொடங்கினாள்.